இரண்டு லைன், ஒரு ரவுட்டர்: தருமபுரி வட்டாரத்தில் ஒரு தொழிலின் அனுபவங்கள்

ஒரே கட்டடத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இணைய இணைப்பு பெற்று, அவ்விரண்டையும் ஒரே ரவுட்டரில் சேர்த்து, ஒன்று நின்றுபோனால் மற்றொன்று வேலையை ஏற்கும்படியோ, இரண்டும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும்படியோ அமைத்துத் தருவது, இன்று தருமபுரி போன்ற மாவட்டத் தலைநகரங்களில் வலையமைப்பு வேலை பார்ப்போரின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. வெளியிலிருந்து வரும் கம்பியைச் செருகுவதற்கு இரண்டு துளைகளோ அதற்கு மேலோ கொண்ட இத்தகைய ரவுட்டரைக் கடைக்காரர்கள் 'டூயல் வான்' என்பார்கள். 'வான்' என்பது கட்டடத்துக்கு வெளியே உள்ள பெரிய வலையமைப்பையும், 'லான்' என்பது கட்டடத்துக்குள் உள்ள கணினிகளின் சிறிய வலையமைப்பையும் குறிக்கும். பெட்டியை வாங்கி இரண்டு கம்பிகளையும் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் வாங்குவோரிடம் பரவலாக உண்டு. தொழிலில் சில ஆண்டுகள் கழித்தவர்கள் அறிவது வேறு: இரண்டு இணைப்புகளுள் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பதை அந்தப் பெட்டி தானாக அறியாது, அதை அறியும் முறையை அமைப்பவரே சொல்லித்தர வேண்டும், அம்முறையும் அந்தந்த ஊரில் லைன் எப்படிப் பழுதாகிறது என்பதைப் பொறுத்தே அமைய வேண்டும்.

இத்தொழிலுக்குத் தேவை எழுந்த கதை நீண்டதன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் தொடங்கியபோதும், சிறிய ஊர்களில் அது பரவலாக வந்து சேர்ந்தது 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையை அறிமுகப்படுத்திய பிறகுதான். அது தொலைபேசிச் செம்புக் கம்பியிலேயே வந்த சேவை. கம்பி ஒன்றே என்பதால் இரண்டாம் வழி என்ற பேச்சுக்கே இடமில்லை. லைன் போனால் எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே வழக்கம். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியதையடுத்து 4ஜி சேவை மலிந்தது. உள்ளூர் கேபிள் டிவி நடத்துவோர் கண்ணாடி இழைக் கம்பியை, அதாவது ஃபைபரை, வீட்டு வாசல் வரை இழுக்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி கணக்கு முழுவதும் இணையத்துக்குப் போனது. பத்திரப்பதிவும் மருத்துவக் காப்பீட்டு ஒப்புதலும் இ-சேவை மையச் சான்றிதழ்களும் இணையமின்றி நகராத நிலை வந்தது. 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோது பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்த்த தருமபுரிக்காரர்கள் பலர் ஊர் திரும்பி, வீட்டுத் திண்ணையையே அலுவலகமாக்கினார்கள். ஒரு மணி நேரம் இணையம் நின்றால் அன்றைய வேலையே நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர்களே இரண்டாம் லைனைக் கேட்டு வந்த முதல் வாடிக்கையாளர்கள்.

மாவட்டத்தின் நில அமைப்பும் சாலை அமைப்பும் இந்த வேலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தருமபுரியை ஒட்டிச் சென்று தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844 ஆம் எண் நெடுஞ்சாலை அதியமான்கோட்டை அருகே அதனுடன் சேர்கிறது. நீண்ட தூர ஃபைபர்கள் பெரும்பாலும் இத்தகைய சாலைகளின் ஓரத்திலும் இருப்புப்பாதை ஓரத்திலுமே புதைக்கப்படுகின்றன என்பதால், சாலையை அகலப்படுத்தும் வேலையோ ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய்க்கான பள்ளமோ எங்கு நடந்தாலும் அங்கு ஜேசிபியின் பல்லில் ஒரு கம்பி சிக்குவது எதிர்பார்க்கத்தக்கதே. ஊருக்குள் வந்த பின் அதே ஃபைபர் மின்கம்பங்களின் மேலும் புளியமரக் கிளைகளின் இடையிலும் தொங்கிச் செல்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலையில் வீசும் சூறைக்காற்றோடு கூடிய கோடைமழையில் கிளை முறிந்து விழுந்து அறுபடும் லைன்களே எண்ணிக்கையில் அதிகம். பென்னாகரத்துக்கு அப்பால் ஒகேனக்கல் காட்டுச் சாலையிலும், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளிலும் நிலைமை வேறு. அங்கு மலைமுகடு மறைப்பதால் செல்பேசிக் கோபுரத்தின் அலையே பல இடங்களில் எட்டுவதில்லை. பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் பணி தருமபுரியின் 251 ஊராட்சிகளையும் உள்ளடக்கியது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வருவதும், அங்கிருந்து ஒரு குக்கிராமத்து வீட்டுக்கு லைன் வருவதும் இரு வேறு வேலைகள்.

ஆகவே அனுபவமுள்ள அமைப்பாளர் ரவுட்டரைத் திறப்பதற்கு முன்பே மாடிக்கு ஏறி, இரண்டு லைன்களும் எந்தக் கம்பத்திலிருந்து வருகின்றன என்று பார்ப்பதை முதல் வேலையாகக் கொள்கிறார். வேறு வேறு பெயருள்ள இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில், ஒரே கேபிள்காரர் கட்டிய கட்டில் தொங்குவதைக் காணும்போது, வாடிக்கையாளர் மாதந்தோறும் இரண்டு பில் கட்டுவது ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கியதற்கு ஒப்பானது என்பது தெரியவரும். பல இடங்களில் பெரிய நிறுவனங்கள் கடைசி மைல் வேலையை உள்ளூர் கேபிள் நடத்துவோரிடம் ஒப்படைத்திருப்பதால் இந்நிலை அரிதன்று. கம்பத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத பகுதியை அறிய 'டிரேஸ்ரூட்' என்னும் கட்டளை உதவுகிறது. ஒரு தரவுப் பொதி இலக்கை அடையும் வரை கடக்கும் ரவுட்டர்களை அது வரிசையாகக் காட்டுவதால், ஒரு லைன் பெங்களூர் வழியாகவும் மற்றொன்று சேலம், சென்னை வழியாகவும் போகிறதா, அல்லது இரண்டும் சில படிகளுக்குள்ளேயே ஒரே நிறுவனத்தின் வலையமைப்பில் கலந்துவிடுகின்றனவா என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். இரண்டும் ஒன்றாகவே கெடக்கூடியவை என்று தெரிந்தால், இரண்டாவது ஃபைபரைக் கைவிட்டு, வேகம் குறைவானாலும் 4ஜி சிம் போட்ட மோடத்தை இரண்டாம் வழியாக வைப்பதே பெரும்பாலும் சரியான ஆலோசனை. இரண்டு இணைப்புகள் என்று சொல்லத் தகுதியானவை, இரண்டு வேறு காரணங்களால் கெடக்கூடிய இணைப்புகள் மட்டுமே.

அடுத்து வருவது முகவரிகளைச் சீர்செய்யும் வேலை. ஃபைபர் முடியும் இடத்தில் நிறுவனம் வைக்கும் சிறிய பெட்டி, அதாவது ஒளியை மின்குறியாக மாற்றும் ஓஎன்டி, பெரும்பாலும் தானும் ஒரு ரவுட்டராகவே செயல்பட்டு 192.168.1.1 என்ற முகவரியை வைத்துக்கொள்கிறது. இரண்டாம் நிறுவனத்தின் பெட்டியும் அதே முகவரியோடு வந்தால், டூயல் வான் ரவுட்டரின் இரு பக்கமும் ஒரே தெருப்பெயர் இருப்பதாக ஆகி, எந்தப் பொதியை எங்கே அனுப்புவது என்ற குழப்பம் நேர்கிறது. ஒன்றை 192.168.2.1 என்றும், கட்டடத்துக்குள் இருப்பதை 192.168.10.1 என்றும் முதலிலேயே பிரித்துவிடுவது பின்னால் வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும். முடிந்த இடங்களில் ஓஎன்டியை 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றி, அதாவது முகவரி வேலையை அதனிடமிருந்து பறித்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் 'பிபிபிஓஇ' முறையை டூயல் வான் ரவுட்டரிலேயே வைப்பது இன்னும் நல்லது. இதற்கு நிறுவனம் தன் போக்குவரத்தைப் பிரித்தறிய வைத்திருக்கும் 'விலான்' எண் தேவைப்படும்; அது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், ஓஎன்டியில் உள்ள பழைய அமைப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ளாமல் எதையும் அழிப்பதில்லை என்பது இத்தொழிலின் எழுதப்படாத விதி.

இதன்பின் இரண்டு லைன்களையும் எவ்வாறு பயன்படுத்துவது என்ற கேள்வி வருகிறது. ஒன்றை மட்டும் ஓடவிட்டு, அது நின்றால் மற்றதுக்கு மாறுவது 'ஃபெயில்ஓவர்'. இரண்டையும் சேர்த்து ஓடவிடுவது 'லோட் பேலன்ஸ்', அதாவது சுமைப் பகிர்வு. நூறு எம்பிபிஎஸ் லைனும் ஐம்பது எம்பிபிஎஸ் லைனும் சேர்ந்தால் நூற்றைம்பது கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு முதலில் விளக்க வேண்டியது, சுமைப் பகிர்வு பொதி பொதியாக நடப்பதில்லை, இணைப்பு இணைப்பாகவே நடக்கிறது என்பதுதான். ஒரு கணினி ஒரு தளத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கத் தொடங்கினால் அந்த இறக்கம் முடியும் வரை ஒரே லைனில்தான் போகும். பத்துப் பேர் பத்து வேலை செய்யும்போதுதான் இரண்டு லைன்களும் நிறையும். ரவுட்டர் எந்த விகிதத்தில் பகிர வேண்டும் என்பதை ஒவ்வொரு லைனின் வேகத்தையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். டிபி-லிங்க் இஆர்605 போன்ற பரவலான பெட்டிகளில் அவ்வேகம் கேபிபிஎஸ் அலகில் கேட்கப்படுவதால், நூறு எம்பிபிஎஸ் என்பதற்கு ஒரு லட்சம் என்று எழுதாமல் வெறும் நூறு என்று எழுதிவிட்டு, லைன் ஊர்கிறதே என்று கேட்போர் உண்டு. நான்கைந்து கணினிகள் மட்டும் உள்ள கடைக்கும் அலுவலகத்துக்கும் ஃபெயில்ஓவரே போதும். விடுதி, பள்ளி, மருத்துவமனை போன்ற பலர் கூடும் இடங்களில்தான் சுமைப் பகிர்வு தன் பயனைக் காட்டுகிறது.

இவையெல்லாம் கையேட்டைப் பார்த்துச் செய்துவிடக்கூடியவை. கையேட்டில் இரண்டு வரியில் முடிந்துபோவதும், வேலையில் பாதி நேரத்தை எடுத்துக்கொள்வதும், லைன் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் அமைப்பு. வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லும் வாக்கியம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றே: "லைட்டெல்லாம் எரியுது சார், நெட்டுதான் வரல." அந்த வாக்கியத்தில்தான் பிரச்சினையின் முழு வடிவமும் அடங்கியிருக்கிறது. தெருவில் கிளை விழுந்து ஃபைபர் அறுந்தாலும், மேசைமேல் உள்ள ஓஎன்டி மின்சாரத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள ஓர் அடிக் கம்பி நன்றாகவே இருக்கும். ரவுட்டர் தன் அடுத்த வீடான 192.168.1.1-ஐ 'இருக்கிறாயா' என்று கேட்டால் 'இருக்கிறேன்' என்ற பதிலும் ஒழுங்காக வரும். அடுத்த வீட்டை மட்டுமே விசாரிக்கும்படி அமைக்கப்பட்ட ரவுட்டருக்கு லைன் செத்தது தெரியாது; இரண்டாம் லைன் சும்மா கிடக்க, கட்டடம் முழுவதும் இணையமின்றி நிற்கும். லாட்வியா நாட்டு மைக்ரோடிக் பெட்டிகளில் 'செக் கேட்வே' என்னும் வசதி பத்து நொடிக்கு ஒருமுறை விசாரித்து, இருமுறை பதில் வராவிட்டால் அவ்வழியை மூடிவிடும். ஆனால் விசாரிக்கப்படுவது யார் என்பதை அமைப்பாளரே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே விசாரணை இலக்கு கட்டடத்துக்கும் ஊருக்கும் வெளியே, நிறுவனத்தின் வலையமைப்பையும் தாண்டி இருக்க வேண்டும். 2009 இல் கூகுள் தொடங்கிய 8.8.8.8, 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் தொடங்கிய 1.1.1.1 என்ற இரண்டு பொது முகவரிகளும் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. இங்கே ஒரு நுட்பமான பொறி உண்டு. ஒவ்வொரு லைனையும் தனித்தனியே சோதிப்பதற்காக, '8.8.8.8-க்குப் போவதென்றால் முதல் லைன் வழியாக மட்டுமே போ' என்று ரவுட்டரில் ஒரு நிலையான வழி எழுதப்படுகிறது. அப்படி எழுதாவிட்டால் முதல் லைன் செத்த பிறகு சோதனைப் பொதி இரண்டாம் லைன் வழியாகப் போய்ப் பதில் பெற்று, முதல் லைன் பிழைத்துவிட்டதாகப் பொய்ச்சாட்சி சொல்லும். ஆனால் அதே 8.8.8.8 கட்டடத்தின் கணினிகளுக்கு டிஎன்எஸ் ஆகவும், அதாவது தளப்பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் சேவையாகவும், கொடுக்கப்பட்டிருந்தால், முதல் லைன் அறுந்த அன்று ஃபெயில்ஓவர் சரியாக நடந்திருந்தும் ஒரு தளமும் திறக்காது. பெயரைக் கேட்கும் ஒவ்வொரு பொதியும் செத்த வழியிலேயே தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தவரின் அழைப்பு தொடர, பக்கத்து இருக்கைக்காரரின் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும் விந்தைக்குப் பின்னால் பல நேரங்களில் இதுவே காரணம். சோதனைக்கு ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறு முகவரி என்று பிரிப்பதே இதற்குத் தீர்வு. நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸை அப்படியே வைத்துக்கொள்வதும் உதவாது. ஒரு நிறுவனத்தின் டிஎன்எஸ், தன் வாடிக்கையாளர் அல்லாதவர் வேறு நிறுவனத்தின் லைன் வழியாக வந்து கேட்டால் பதில் தர மறுப்பது வழக்கம்.

செத்ததை விரைவில் அறிவது மட்டும் போதாது. பிழைத்ததை நிதானமாக நம்பவும் வேண்டும். மழைநேரத்தில் இணைப்பிடத்தில் ஈரம் புகுந்த ஃபைபர் ஒரேயடியாகச் சாவதில்லை. அரை நிமிடம் வரும், பத்து நொடி போகும், மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் லைன் மாற்றினால் கட்டடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் ஒவ்வொரு முறையும் அறுபடும். ஆகவே சில விசாரணைகள் தொடர்ந்து தோற்றதும் மாறிவிட்டு, ஓரிரு நிமிடமாவது தொடர்ந்து வென்ற பிறகே திரும்பும்படி அமைப்பது பயன்படுத்துவோரின் பொறுமையைக் காக்கிறது. நிறுவனம் விசாரணைப் பொதிகளைத் தடுக்கிறது என்பதற்காகச் சிலர் 'எப்போதும் உயிருடன்' என்ற தெரிவைச் சொடுக்கிவிடுகிறார்கள்; அது சோதனையையே நிறுத்திவிடுவதால், இரண்டாம் லைனுக்குக் கட்டும் பணம் வீணே.

இன்னொரு வகைக் குறை, லைன் உயிரோடு இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்காமல் இருப்பது. சாதாரண ஈதர்நெட் கம்பியில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ முறை ஒவ்வொரு பொதிக்கும் எட்டு பைட் தலைப்பைத் தனக்கென எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1492. இந்த உச்ச அளவுக்குப் பெயர் எம்டியூ. பெரிய பொதி வந்தால், 'சிறிதாக்கி அனுப்பு' என்று வழியில் உள்ள கருவி அனுப்பியவருக்குச் செய்தி சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அச்செய்தியைத் தடுக்கும் தளங்களில் அனுப்பியவர் பெரிய பொதியையே அனுப்பிக்கொண்டிருப்பார், பெறுபவர் காத்துக்கொண்டிருப்பார். இதைக் கண்டறியும் சோதனை எளியது. விண்டோஸ் கணினியில், 'இருக்கிறாயா' என்று விசாரிக்கும் பிங் கட்டளையோடு 'உடைக்காதே' என்ற குறியையும் 1472 என்ற அளவையும் கொடுத்தால், தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து அது சரியாக 1500 ஆகும். பொதியை உடைக்க வேண்டியிருக்கிறது என்ற மறுப்பு வந்தால் அளவைக் குறைத்து, 1464-இல் பதில் வருவதைக் காணலாம். 1464-உம் 28-உம் சேர்ந்தது 1492. முதல் லைன் ஃபைபர், இரண்டாவது 4ஜி என்னும் இடங்களில் இந்த அளவு இரண்டுக்கும் வேறாக இருப்பதால், ஒவ்வொரு வான் துளைக்கும் தனித்தனியே சோதித்து எழுத வேண்டும். டிசிபி இணைப்பு தொடங்கும்போதே பொதியின் உள்ளடக்கத்தை எம்டியூவைவிட நாற்பது பைட் குறைத்து, அதாவது 1492-க்கு 1452 என்று, பேசிமுடிக்கும் 'எம்எஸ்எஸ் கிளாம்ப்' என்ற அமைப்பையும் இயக்கிவிட்டால், பாதி திறந்து நிற்கும் தளங்கள் பற்றிய புகார்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

சுமைப் பகிர்வு வைத்த இடங்களில் மட்டும் எழும் புகார் வங்கித் தளங்களைப் பற்றியது. கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனவரின் அடுத்த சொடுக்கு வேறு லைன் வழியாகப் போனால், வங்கியின் கணினிக்கு அவர் நொடியில் ஊர் மாறியவராகத் தோன்றுகிறார். அவரை வெளியேற்றிவிடுவது அதன் கடமை. ஒரு கணினி ஒரு தளத்தோடு பேசத் தொடங்கினால் குறிப்பிட்ட நேரம் வரை ஒரே லைனைப் பயன்படுத்தும்படி ரவுட்டரில் ஒரு தெரிவு இருக்கிறது. டிபி-லிங்க் பெட்டிகளில் அது 'அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங்' என்ற பெயரில் வருகிறது. ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம் போன்ற இடங்களில் இதைவிடத் திடமான வழி, பாதுகாப்பான தளங்கள் பயன்படுத்தும் 443 ஆம் எண் வாயிலுக்குப் போகும் போக்குவரத்து முழுவதையும் ஒரே லைனுக்குக் கட்டிவிட்டு, அந்த லைன் செத்தால் மட்டும் மற்றதுக்கு மாறவிடுவது. இவ்வாறு கணினியையோ இலக்கையோ வாயில் எண்ணையோ பார்த்து வழியைத் தீர்மானிக்கும் விதிகளுக்கு 'பாலிசி ரவுட்டிங்' என்று பெயர். இவ்விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால், பொதுவான விதியை மேலேயும் சிறப்பான விதியைக் கீழேயும் எழுதினால் சிறப்பு விதி என்றைக்கும் நடைமுறைக்கு வராது.

இணையத் தொலைபேசியின் சிக்கல் வேறு வகையானது. லைன் மாறியதும் பிரவுசர் புதிய இணைப்பைத் தானே தொடங்கிக்கொள்ளும். தொலைபேசிக் கருவியோ சில நொடிக்கு ஒருமுறை தன் பழைய இணைப்பை உயிர்ப்பித்துக்கொண்டே இருப்பதால், ரவுட்டரின் நினைவில் உள்ள பழைய பதிவு காலாவதியாவதே இல்லை. செத்த லைனின் முகவரியோடு பொதிகள் போய்க்கொண்டிருக்கும், அழைப்பு மட்டும் வராது. லைன் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய பதிவுகளைத் துடைத்துவிடும்படி ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி வைப்பது மருத்துவமனை, ஆம்புலன்ஸ் நிலையம் போன்ற இடங்களில் அவசியமாகிறது.

கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஏறக்குறைய எல்லா வாடிக்கையாளரிடமிருந்தும் வருகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கட்டடத்துக்குள் உள்ள பதிவுப் பெட்டிக்குத் திருப்பிவிடும் 'போர்ட் ஃபார்வர்டிங்' ஒரு காலத்தில் ஐந்து நிமிட வேலை. உலகின் பழைய ஐபி முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோன பிறகு, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் 'சிஜி-நாட்' முறைக்கு நிறுவனங்கள் மாறின. அதற்கென 2012 இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் வான் முகவரி இவ்வெல்லைக்குள் இருந்தாலோ, 10 என்று தொடங்கினாலோ, உள்ளே எத்தனை அமைப்பு செய்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு அந்தப் பெட்டியை எட்டாது. நிலையான பொது முகவரிக்குத் தனியே பணம் கட்டுவதோ, கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியைப் பயன்படுத்துவதோதான் மிஞ்சும். பொது முகவரி கிடைத்த இடத்திலும் வாயிலைத் திறந்துவைப்பது அச்சமின்றிச் செய்யக்கூடியதன்று. 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய தளங்கள் பலவற்றை முடக்கிய மிராய் தாக்குதலில் ஏவப்பட்டவை, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான். 2018 இல் மைக்ரோடிக் ரவுட்டர்களில் கண்டறியப்பட்ட குறைக்கு நிறுவனம் ஏப்ரலிலேயே திருத்தம் வெளியிட்டும், அதை ஏற்றாத பெட்டிகள் பல மாதங்கள், தம் வழியே இணையம் பார்ப்போரின் பிரவுசர்களைப் பிறருக்காக மறைநாணயம் தோண்டவைத்துக்கொண்டிருந்தன. இரண்டு வான் துளை என்றால் இரண்டு வாசல். ஒன்றில் மட்டும் பூட்டுப் போடுவதில் பொருளில்லை.

புதிய ஐபி பதிப்பு ஆறு, பொது முகவரிப் பற்றாக்குறையைத் தீர்த்தாலும் டூயல் வானுக்குப் புதிய சிக்கலொன்றைக் கொண்டுவருகிறது. அதில் ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி கிடைக்கிறது; ஆனால் அம்முகவரியின் முன்பகுதி நிறுவனத்தினுடையது. இரண்டு நிறுவனங்கள் இருந்தால் கணினிக்கு இரண்டு முகவரிகள். ஒரு லைன் செத்த பின்னும் கணினி அந்த லைனின் முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தால் தளங்கள் தாமதித்துத் திறக்கும். பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் தமக்கென்றே முகவரித் தொகுதி வாங்கி, 'பிஜிபி' என்னும் முறையில் இரண்டு நிறுவனங்கள் வழியாகவும் அதை உலகுக்கு அறிவித்து இதைத் தீர்த்துக்கொள்கின்றன. பழைய பதிப்பில் அவ்வாறு அறிவிக்க நடைமுறையில் குறைந்தது 256 முகவரிகள் வேண்டும் என்பதால், அது பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கோ அரூர் மருந்துக் கடைக்கோ எட்டும் வழியன்று. சிறிய இடங்களில் பதிப்பு ஆறை ஒரு லைனில் மட்டும் இயக்குவதோ, ரவுட்டர் அதைச் சரிவரக் கையாளாவிட்டால் நிறுத்திவைப்பதோ இன்றைய நடைமுறை.

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு லைன்களும் ஒன்றாக நிற்கும் நேரம் ஒன்று உண்டு, அது மின்தடை. ஓஎன்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால், சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்று அவற்றைச் சில மணி நேரம் தாங்கும். தெருவில் உள்ள ஃபைபர் எவ்வகை என்பதும் இங்கே முக்கியம். ஜிபான் முறையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் சில சிறிய நடத்துவோர் கம்பத்தில் ஒரு ஸ்விட்ச் பெட்டியை மாட்டி, பக்கத்து வீட்டு மின்சாரத்தில் அதை ஓட்டுகிறார்கள். அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டால் தெரு முழுவதும் இணையம் நிற்கும். இரண்டாம் லைனைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளுள் 'உங்கள் தெருப்பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது' என்பதும் ஒன்று.

வேலை முடிந்தபின் செய்யும் சோதனையிலேயே அமைப்பாளரின் தரம் தெரிகிறது. ரவுட்டரில் உள்ள முதல் கம்பியைப் பிடுங்கிக் காட்டி, இணையம் தொடர்வதைப் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போவது எளிது; ஆனால் அப்பழுது உண்மையில் நேராதது, கம்பி பிடுங்கப்பட்டால் எந்த ரவுட்டருக்கும் அது உடனே தெரியும். நேரப்போகும் பழுதைப் போலவே சோதிக்க வேண்டுமானால், ஓஎன்டியை எரியவிட்டு, அதற்குள் வரும் மஞ்சள் நிற ஃபைபர் முனையை மட்டும் கழற்ற வேண்டும். சிவப்பு விளக்கு எரிய, ரவுட்டர் தொலைவிலுள்ள இலக்கை விசாரித்து, பதில் வராமல், லைனை மாற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை உரிமையாளரே கடிகாரத்தில் பார்க்க வேண்டும். அதே போல் இரண்டாம் லைனையும் கொன்று பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் தேவையற்றதாகக் கருதுகிறார்கள். ஆனால் தொழிலில் மிகுதியாகக் காணப்படும் தோல்வி, முதல் லைன் அறுந்தபோது இரண்டாம் லைன் எப்போதோ செத்துக் கிடந்தது தெரியவருவதே. ரீசார்ஜ் 28 நாளில் தீர்ந்திருக்கும், நீண்ட நாள் பயன்படாத சிம்மை நிறுவனம் முடக்கியிருக்கும், அல்லது பில் கட்டப்படாமல் போயிருக்கும். யாருமே அந்த லைனைப் பயன்படுத்தாததால் யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஆகவே முதிர்ந்த அமைப்பாளர்கள் தூய ஃபெயில்ஓவரை விடுத்து, இரண்டாம் லைனுக்கு எப்போதும் ஒரு சிறு வேலையைக் கொடுத்து வைக்கிறார்கள்: வரவேற்பறையின் வை-ஃபையோ, ஒரு கேமராவோ, கல்லாவில் உள்ள யுபிஐ ஒலிபெருக்கியோ நாள்தோறும் அந்த வழியாகவே போகும்படி ஒரு பாலிசி விதி எழுதப்படுகிறது, இருப்பில் உள்ள லைன் நின்றால் அன்றைக்கே ஒருவராவது புகார் சொல்வார். கூடவே, எந்த லைன் எந்த நிறுவனத்தினுடையது, வாடிக்கையாளர் எண் என்ன, பணம் கட்ட வேண்டிய நாள் எது, சோதனைக்கு வைத்த முகவரிகள் எவை என்பவற்றை ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவிட்டால், அமைத்தவர் இல்லாத நாளிலும் வேறொருவர் வந்து பழுதைப் பார்க்க முடியும்.